முழங்கால்ல செதில் செதிலா உதிருது: தோல் ஏன் இவ்வளவு வேகமா வளருது?

ஆத்தங்குடி_கல்லுப்பட்டறை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 41 வயசு. ஆத்தங்குடியில தரைக்கல் போடுற பட்டறையில 22 வருசமா வேலை. கண்ணாடி மேல அச்சு வச்சுக் கலர் ஊத்துறது என் பொறுப்பு. நாள் முழுக்க மண்டி போட்டும் குத்துக்கால் வச்சும்தான் உக்காந்திருப்பேன்.

ஆறு வருசத்துக்கு முன்னாடி வலது முழங்கால்ல காசு அளவுக்குத் தடிப்பா ஒண்ணு வந்துச்சு. சிமெண்டு அரிப்புண்டு நெனச்சு தேங்காயெண்ணெய் தடவி விட்டுட்டேன். அப்புறம் இடது முழங்கால், ரெண்டு முழங்கை, காதுக்குப் பின்னால தலையில. சொறிஞ்சா மெழுகுவத்தியச் சீவின மாதிரி வெள்ளையா உதிரும். இன்னும் சொறிஞ்சா கீழ புள்ளி புள்ளியா ரத்தம் கசியும். போன வருசம் மதுரையில ஒரு தோல் டாக்டர் சின்னத் துண்டு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, சொரியாசிஸ்ண்டு சொன்னார். "தோல் செல்லு வேகமா வளருது, அதான் உதிருது" என்றார். வெளிய அவ்வளவு கூட்டம். மேற்கொண்டு கேக்க எனக்கு மனசு வரலை.

வேகமா வளருதுன்னா அது புத்துநோய் மாதிரியா? உடம்பு பூராவும் இருக்கிற தோலு, ஏன் முழங்கால்லயும் முழங்கையிலயும் மட்டும் வளரணும்? மருந்து போட்டு மறைஞ்சாலும், நாங்க கல்லுல பூ போடுற மாதிரி, அதே எடத்துல அதே வடிவத்துல திரும்ப வருதே, அது எப்படி? வாரத்துல ஒரு நாள் மட்டும் சாப்பிடச் சொல்லி ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க. வாரத்துக்கு ஒருக்கா தின்னா அது எப்படி வேலை செய்யும்?

ஏன் இதெல்லாம் கேக்குறேன்னா, போன தை மாசம் எங்க அக்கா மக கல்யாணத்துல பந்தி பரிமாற சாம்பார் வாளியத் தூக்கினேன். சொந்தக்காரர் ஒருத்தர் என் முழங்கையைப் பார்த்துட்டு, "நீ வாசல்ல போய் வர்றவுகள கவனிப்பா" என்று வாளிய வாங்கிட்டார். சத்தம் போடலை, மரியாதையாத்தான் சொன்னார். எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலை. உள்ள என்ன நடக்குதுண்டு எனக்கே தெரிஞ்சாத்தான அவுகளுக்குப் பதில் சொல்ல முடியும்?

*

காரைக்குடி_ஆச்சி:

தம்பி, உங்க கடைசிப் பத்தியப் படிச்சிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். எனக்கு இது 27 வயசுல வந்துச்சு, இப்ப 63. காரைக்குடியில ஒரு கல்லூரியில உயிர்வேதியியல் ஆய்வகத்துல முப்பது வருசம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவ நான். பாடமாவும் தெரியும், உடம்பாவும் தெரியும். அதனால நீளமா எழுதுறேன், பொறுத்துப் படிங்க.

முதல்ல வாளி. இது தொத்து நோய் இல்லை. இதுல கிருமியே இல்லை. நீங்க தொட்ட வாளி, நீங்க குடிச்ச செம்பு, நீங்க படுத்த பாய், எதுலயும் யாருக்கும் போகாது. உங்க சம்சாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் தொட்டு ஒட்டாது. பல நூற்றாண்டா இதையும் குஷ்டத்தையும் ஒண்ணுன்னு நெனச்சுத்தான் ஆளுகளை ஊருக்கு வெளிய வச்சாங்க. 1841-ல வியன்னாவுல ஃபெர்டினான்ட் ஹெப்ரா என்கிற தோல் மருத்துவர்தான் ரெண்டும் வேறுன்னு தெளிவாப் பிரிச்சார். 2014-ல உலக சுகாதார நிறுவனத்தோட சபையே இதைத் தொற்றாத நோய்ன்னு சொல்லித் தீர்மானம் போட்டிருக்கு.

இப்ப தோல். உங்க பட்டறையையே எடுத்துக்குவோம். கலரை ஊத்தி, மேல சிமெண்டு போட்டு, காய விட்டு, தண்ணித் தொட்டியில எறக்கி நாள் கணக்குல ஊற வைக்கிறீங்க. அவசரம்னு மறுநாளே எடுத்துத் தரையில பதிச்சா என்ன ஆகும்? விளிம்பு பொரியும், மேல் பூச்சு உரியும். உங்க முழங்கால்ல நடக்குறது அதேதான். கல்லு மட்டமானது இல்லை. ஊற விடுற நாளைத்தான் யாரோ பிடுங்கிட்டாங்க.

தோலோட அடி அடுக்குல கெரட்டினோசைட் என்கிற செல்லு பிறக்குது. பிறக்கும்போது அதுக்குள்ள கெரட்டின் 5, கெரட்டின் 14 என்று ரெண்டு புரத நூல் இருக்கும். ஒரு படி மேல ஏறினதும் அந்த நூலை நிறுத்திட்டு கெரட்டின் 1, கெரட்டின் 10 நெய்ய ஆரம்பிக்கும். இன்னும் மேல போனா ஃபிலாக்ரின், லோரிக்ரின் என்கிற புரதங்கள் சேரும். ட்ரான்ஸ்குளூட்டமினேஸ் என்கிற நொதி அந்தப் புரதங்களை ஒண்ணோட ஒண்ணு பின்னி, செல்லோட உள்சுவத்துல ஒரு கெட்டியான பூச்சாக்கும். நம்ம செட்டிநாட்டுச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் போட்டு அரைச்ச சுண்ணாம்பு பூசுறாங்களே, அந்த மாதிரி பூச்சு. செல்லுக்கு நடுவுல கொழுப்பு ஊறி இடுக்கை அடைக்கும். கடைசியில உட்கரு கரைஞ்சு போகும். செல்லு செத்து, தட்டையாகி, பிறகு ஒண்ணொண்ணா கண்ணுக்குத் தெரியாம உதிரும். இந்தப் பயணத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மாசம். உங்க முழங்கால்ல நாலஞ்சு நாள்ல முடிஞ்சிருது.

அடி அடுக்குச் செல்லு ஒரு தடவை பிரியிறதுக்கே சாதாரணத் தோல்ல சுமார் 311 மணி நேரம், சொரியாசிஸ் தோல்ல சுமார் 36 மணி நேரம்னு 1985-ல வைன்ஸ்டைன் குழு கணக்குச் சொன்னாங்க. பதிமூணு நாள் வேலை ஒன்றரை நாள்ல. அடி அடுக்கு மட்டும் பிரியிறதும் போய், அதுக்கு மேல இருக்கிற ஒண்ணு ரெண்டு அடுக்கும் சேர்ந்து பிரியுது. இவ்வளவு அவசரத்துல மேல வந்த செல்லுல உட்கரு கரையாம அப்படியே இருக்கும். உங்க தோல் துண்டை நுண்ணோக்கியில பார்த்த டாக்டர் அதைத்தான் பார்த்திருப்பார். செல்லை ஒட்டி வச்சிருக்கிற பிடிப்பும் நேரத்துக்கு அறுபடாது. அதனால ஒண்ணொண்ணா உதிராம கொத்துக் கொத்தா, செதிலா வருது. செதிலுக்கு நடுவுல காத்து புகுந்துக்கிறதாலதான் வெள்ளி மாதிரி மினுங்குது. புள்ளி ரத்தம் ஏன்னா, கீழ இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்க நீண்டு சுருண்டு மேல வந்திருக்கும், அதுக்கு மேல இருக்கிற கூரை ரொம்ப மெல்லிசு. (இன்னொண்ணு: படங்கள்ல எல்லாம் இது ரோஸ் நிறத்துல இருக்கும். நம்ம நிறத்துல அப்படித் தெரியாது. கருநீலமா, சாம்பல் பூத்த பழுப்பா இருக்கும். அதனாலயே நம்ம ஆளுகளுக்குப் படர்தாமரைன்னு சொல்லிப் பல மாசம் தப்பான களிம்பு போகுது.)

புத்துநோயான்னு கேட்டீங்க. இல்லை. புத்துநோய்ச் செல்லு தானா, யார் சொல்லும் கேக்காம பிரியும், எல்லை தாண்டும். உங்க செல்லு சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் பிரியுது. நான் சொல்ல வர்றதே இந்த ஒண்ணுதான் தம்பி: உங்க தோல் கெட்டுப் போகலை, அது ஒரு கட்டளைக்குக் கீழ்ப்படியுது. கட்டளை நின்னா அதுவும் நிக்கும். நின்ன எடத்துல தழும்புகூட இருக்காது, நிறம் மட்டும் கொஞ்ச நாள் மாறி இருக்கும்.

என்ன கட்டளை? கையில வெட்டுப்பட்டா, ஓரத்துச் செல்லுகள் சட்டுனு கெரட்டின் 6, 16, 17 என்கிற வேற நூலை நெய்ய ஆரம்பிக்கும். காயத்தை மூடுற அவசரத்துக்கான நூல் அது. சொரியாசிஸ் படைக்குள்ள இருக்கிறதும் அதே 6, 16, 17தான். அதாவது உங்க முழங்கால், அங்க பெரிய காயம் இருக்குன்னு நம்பி ஆறு வருசமா ராத்திரி பகலா அதை மூடிக்கிட்டு இருக்கு. அங்க காயமே இல்லை.

கட்டளை எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆச்சு. 1951-ல அமெரிக்காவுல அமினோப்டெரின் என்கிற மருந்தைக் கொடுத்தப்ப சொரியாசிஸ் மறைஞ்சுது. செல் பிரியிறதைத் தடுக்கிற மருந்து அது. அதனால தோல் செல்லுதான் குற்றவாளின்னு எல்லாரும் நெனச்சாங்க. 1979-ல சைக்ளோஸ்போரின் கொடுத்த மூட்டுவாத நோயாளிகளுக்குச் சொரியாசிஸும் மறைஞ்சுது. அது டி செல்லை, அதாவது நோயை எதிர்க்கிற ஒரு வகை வெள்ளையணுவை, அடக்குற மருந்து. அதுக்கப்புறம் வேற நோய்க்காக எலும்பு மஜ்ஜை மாத்தினவங்கள்ல சிலருக்குச் சொரியாசிஸ் போனதும் உண்டு, சொரியாசிஸ் இருக்கிறவங்க மஜ்ஜையை வாங்கினவங்களுக்குப் புதுசா வந்ததும் உண்டு. தோலை யாரும் மாத்தலை, ரத்தம் பிறக்கிற எடத்தைத்தான் மாத்தினாங்க. ஆய்வகத்துல இதை நான் முதல்ல படிச்ச அன்னிக்கு என் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கிட்டேன். இத்தனை வருசம் இதையா திட்டினோம்னு இருந்துச்சு.

சங்கிலி இப்படிப் போகுது. நீங்க மண்டி போடுறீங்க. சிமெண்டுப் பிசிறும் தரையும் உரசி, முழங்கால்ல சில செல்லுகள் உடையுது. உடைஞ்ச செல்லோட டிஎன்ஏ வெளிய சிந்தும். எல்லாருக்கும் சிந்துறதுதான், உடம்பு கூட்டிப் பெருக்கிரும். நமக்கு மட்டும், தோல் சுரக்கிற எல்எல்-37 என்கிற சின்னப் புரதம் அந்த டிஎன்ஏவைச் சுத்திக்கிட்டு டென்ட்ரிட்டிக் செல் என்கிற காவல் செல்லுக்குள்ள கொண்டு போய் விட்டுருது. காவல்காரன் அதை வைரஸ்னு நெனச்சு இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா என்கிற எச்சரிக்கைப் புரதத்தை அள்ளி வீசுறான். அதைப் பார்த்து இன்னொரு வகை டென்ட்ரிட்டிக் செல் டிஎன்எஃப், இன்டர்லூகின்-23 என்கிற ரெண்டு செய்திப் புரதத்தைச் சுரக்கும். இன்டர்லூகின்-23 டி செல்லைத் தட்டி எழுப்பும். எழுந்த டி செல் இன்டர்லூகின்-17யும் இன்டர்லூகின்-22யும் கொட்டும்.

இந்த ரெண்டும்தான் கட்டளை. இன்டர்லூகின்-22, செல்லுக்குள்ள ஸ்டாட்3 என்கிற புரதத்தைத் தூண்டி, "பிரி, முத்தாதே" என்று சொல்லும். ஊற விடாதேன்னு உங்க தொட்டிக்காரர்கிட்டச் சொல்ற மாதிரி. இன்டர்லூகின்-17, என்எஃப்-கப்பா-பி என்கிற இன்னொரு புரதம் வழியா வேற வேலை செய்யும்: நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணுக்களை அங்க கூப்பிட வைக்கும், இன்னும் டி செல்லைக் கூப்பிட வைக்கும், அதே எல்எல்-37ஐ இன்னும் கூடுதலாச் சுரக்க வைக்கும். பாருங்க, ஆரம்பிச்ச எடத்துக்கே வந்தாச்சு. செக்கு மாதிரி சுத்துது. அதான் தானா நிக்க மாட்டேங்குது.

முழங்கால் ஏன்னு கேட்டீங்களே, பதில் இதுலயே இருக்கு. உரசல் படுற எடத்துல, கீறின எடத்துல, இது எழும்பும். 1870-கள்ல கோப்னர் என்கிற ஜெர்மன் மருத்துவர் இதைக் கவனிச்சு எழுதினார், இன்னிக்கும் அவர் பேர்லதான் சொல்றாங்க. உங்க வேலையால இந்த நோய் வரலை. வர்ற தன்மை பிறப்புலயே இருந்திருக்கும். எச்எல்ஏ-சி 06:02 என்கிற மரபணு வகை இருக்கிறவங்களுக்கு வாய்ப்பு அதிகம். அது இருந்தாலும் பெரும்பாலானவங்களுக்கு வர்றதே இல்லை. உங்க வேலை, வர்ற எடத்தைக் காட்டிக் குடுத்துச்சு, அவ்வளவுதான்.

அதே எடத்துல திரும்ப வர்றதுக்கும் காரணம் கண்டாச்சு. படை மறைஞ்ச பிறகும் சில டி செல் ரத்தத்துக்குத் திரும்பாம அந்த எடத்துத் தோல்லயே தங்கிருது. நினைவுச் செல்லுன்னு சொல்லுவாங்க. வருசக்கணக்கா அங்கயே குடியிருக்கும். கொஞ்சம் உரசினாப் போதும், பழைய பாட்டைப் பாட ஆரம்பிச்சிரும். நீங்க அச்சுன்னு சொன்னது ரொம்பச் சரியான வார்த்தை.

என் கதையில ஒரு பகுதியை மட்டும் சொல்றேன், உங்களுக்கு உதவும். கானாடுகாத்தான்ல எங்க வீட்டு ரெண்டாங்கட்டுல கிணத்தடி உண்டு. அங்க உக்காந்து பீர்க்கங்கூட்டாலயும் கல்லாலயும் முழங்கையைத் தேய்ப்பேன். அழுக்கு, தேய்ச்சாப் போயிரும்னு எங்க ஆத்தா சொல்லும். ரத்தம் வர்ற வரைக்கும் தேய்ப்பேன். மூணே வாரத்துல தேய்ச்ச தடம் பூராவும் புதுப் படை. காசு அளவு இருந்தது உள்ளங்கை அளவாச்சு. செதிலை எடுத்தா நோய் போகும்னு தேய்ச்சேன், ஒவ்வொரு தேய்ப்பும் புதுக் கட்டளையா உள்ள போயிருக்கு. பதினைஞ்சு வருசம் முழுக்கை ரவிக்கை போட்டேன் தம்பி, சித்திரை வெயில்லயும்.

இன்னொண்ணு 1994-ல. ஒரு டாக்டர் ஊசியும் மாத்திரையும் குடுத்தார், பத்து நாள்ல மேனி பளிங்கு மாதிரி ஆச்சு. அது ஸ்டீராய்டுன்னு எனக்குச் சொல்லலை. மாத்திரை தீர்ந்து நிறுத்தின ரெண்டு வாரத்துல உச்சி முதல் பாதம் வரை சிவந்து, குளிர்ல நடுங்கி, ஆஸ்பத்திரியில பதினெட்டு நாள் கிடந்தேன். தோல் பூராவும் ஒரே நேரத்துல உரிஞ்சா உடம்புச் சூடும் நீரும் வெளிய போயிரும், உயிருக்கே ஆபத்து. தடவுற ஸ்டீராய்டு களிம்பு வேற, அது டாக்டர் சொன்ன அளவுல, சொன்ன நாளுக்குப் போடலாம். ஊசியா, மாத்திரையா யாராவது குடுத்தா, பேரைக் கேட்டு எழுதி வாங்கிக்குங்க. கேக்குறதுக்கு வெக்கப்படாதீங்க.

நீங்க நாளைக்கே செய்ய வேண்டியது: மண்டி போடுற எடத்துல மெத்தையா ஒண்ணு. ரப்பர் கையுறைக்கு உள்ள பருத்தி உறை. குளிச்சுத் துண்டால ஒத்தி, ஈரம் காயிறதுக்குள்ள வாசலினோ தேங்காயெண்ணெயோ. செதிலைப் பிய்க்கவே கூடாது. ஈரச் சிமெண்டுல குரோமியம் இருக்கு, அதுக்குத் தனியா ஒவ்வாமையும் வரும். அது பெரும்பாலும் கையில அரிச்சு நீர் வடியும். உங்களுக்குத் துண்டு எடுத்துப் பார்த்தாச்சு, ஆனா ரெண்டும் ஒருத்தருக்கே இருக்கலாம், அதனால கையைக் காப்பாத்துங்க.

*

தேவகோட்டை_மருந்துக்கடை:

ஆச்சி சொன்னதுக்கு மேல நோயைப் பத்திச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மாத்திரையைப் பத்தி மட்டும். அண்ணே, வாரம் ஒரு நாள் என்றால் அது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். அட்டையில பேரைப் பாருங்க. அதுதான்னா, எந்தக் கிழமைன்னு டாக்டர்கிட்டக் கேட்டு அந்த அட்டை மேலயே பேனாவால எழுதி வையுங்க. தினமும் சாப்பிட்டுட்டா உயிர் போகும். மிகைப்படுத்திச் சொல்லலை. ரத்தம் பிறக்கிற மஜ்ஜை படுத்துரும், வாயெல்லாம் புண்ணாகும். வாரத்துக்கு ஒண்ணு கம்மியா இருக்கேன்னு வீட்டுல பெரியவங்க தினம் ஒண்ணு எடுத்துக் குடுத்து வந்த கேசை நான் கவுண்டர்ல நின்னு பார்த்திருக்கேன். இன்னும் மறக்கலை.

எப்படி வேலை செய்யுதுன்னா, ஃபோலேட் என்கிற வைட்டமினை வச்சுத்தான் செல்லு புது டிஎன்ஏ கட்டும். அதுக்கு வேண்டிய டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்கிற நொதியை இந்த மருந்து பூட்டிரும். செல்லுக்கு உள்ள போனதும் மருந்தோட குளுட்டமேட் வாலைக் கோத்துச் செல்லு அதை உள்ளயே வச்சுக்கும், அதனால வாரம் ஒரு தடவை போதும். நாம எடுக்கிற சின்ன அளவுல இன்னொரு வேலையும் உண்டு: அடினோசின் என்கிற பொருளைக் கூடுதலா வெளிய விட வைக்கும், அது டி செல்லை அமைதிப்படுத்தும். அதனாலதான் மத்த நாள்ல ஃபோலிக் ஆசிட் மாத்திரை குடுத்தாலும் பலன் கெடுறதில்லை. வாய்ப்புண், குமட்டல்தான் குறையுது. அதை விட்டுடாதீங்க.

சாராயம் கூடவே கூடாது, ஈரல் கெடும். ரத்த அணு, ஈரல், சிறுநீரகச் சோதனைக்குச் சொன்ன தேதியில போங்க. சளி, சிறுநீர்க் கடுப்புன்னு வேற யாராவது கோட்ரைமாக்சசோல் எழுதினா, மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுறேன்னு கட்டாயம் சொல்லுங்க. ரெண்டும் ஒரே ஃபோலேட்டைத்தான் அடிக்கும், சேர்ந்தா ஆபத்து. வலி மாத்திரையும் கேட்டுட்டுத்தான்.

*

புதுவயல்_விவசாயி:

இங்கிலீசு மருந்தெல்லாம் அடக்கி வைக்குமே ஒழிய வேரை எடுக்காது. சித்த வைத்தியத்துல இதுக்குக் காளாஞ்சகப்படைன்னு பேரே இருக்கு. எங்க அப்பாவுக்கு வெட்பாலைத் தைலம் போட்டே செதில் நின்னுச்சு. கருவாடு, கத்திரிக்காய், கோழி எல்லாம் நிறுத்தணும். மாத்திரையை விட்டுட்டு ஒரு மண்டலம் பத்தியம் இருந்து பாருங்க தம்பி.

*

காரைக்குடி_ஆச்சி:

ஐயா, உங்க அப்பாவுக்கு நல்லதானதுல எனக்கும் சந்தோசம். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில போட்டு வெயில்ல வச்சா ஊதா நிறமா மாறுமே, அதை நானும் வருசக்கணக்கா முழங்கைக்குப் போட்டிருக்கேன், செதில் மெதுவாகும். எண்ணெய் எதுவானாலும் உரசல் குறையும், அதுவே பெரிய உதவி. படிச்ச சித்த மருத்துவர்கிட்டப் போறதையும் நான் தடுக்க மாட்டேன். ஆனா "மாத்திரையை விட்டுட்டு" என்று நீங்க எழுதினதை மட்டும் என்னால ஒத்துக்க முடியாது. எதையும் நிறுத்துறதுன்னா, எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தணும். பேர் ஒட்டாத பொட்டலத்துல பொடியா, லேகியமா வாங்கவும் கூடாது, அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா எனக்கு வந்தது அவருக்கும் வரும்.

வேரைப் பத்திச் சொன்னீங்க. வேர் அந்த டி செல்லுதான், மருந்து அங்கதான் போகுது. முழுசாப் பிடுங்க இன்னிக்கு யார்கிட்டயும் வழி இல்லை, அலோபதியிலயும் இல்லை. அதை மறைக்கக் கூடாது.

கத்திரிக்காயைப் பத்தி: ஒவ்வொரு வீட்டு விசேசத்துலயும் என் இலையைப் பார்த்து நாலு பேர் உபதேசம் பண்ணினாங்க, பத்து வருசம் நான் கருவாட்டுக் குழம்பே தொடலை. ஒரு படைகூடக் குறையலை. எந்த ஒரு காயையும் மீனையும் குற்றவாளியாக்க நல்ல ஆதாரம் இல்லை. உடம்பு எடை கூடுனா இது கூடும், ஏன்னா கொழுப்புத் திசுவே டிஎன்எஃப் மாதிரிப் பொருள்களைச் சுரக்கும். எடையைக் குறைச்சா மருந்தும் நல்லாப் பிடிக்கும். பீடியும் சாராயமும் நிச்சயமாக் கெடுக்கும். பத்தியம் இருக்கிறதுன்னா அந்த ரெண்டுக்கும் இருக்கட்டும்.

*

பள்ளத்தூர்_மாணவி:

ஆச்சி, நான் எம்எஸ்சி உயிர்வேதியியல் முதல் வருசம். ஒரு சந்தேகம். இன்டர்லூகின்-17 இவ்வளவு கெடுதல் பண்ணும்னா அது உடம்புல எதுக்கு இருக்கு? அதை அடைக்கிற ஊசி வந்திருக்குன்னு வகுப்புல சொன்னாங்க. மொத்தமா அடைச்சா ஆபத்து இல்லையா?

*

காரைக்குடி_ஆச்சி:

நல்ல கேள்வி கண்ணு. அது இல்லாட்டி பூஞ்சை நம்மளைத் தின்னுரும். வாயிலயும் பிறப்புறுப்புலயும் தோல்லயும் வாழுற கேண்டிடாவை அடக்கி வைக்கிறது இன்டர்லூகின்-17தான். அதனாலதான் செக்குகினுமாப் மாதிரி அதை அடைக்கிற ஊசி போடுறவங்களுக்கு வாயில வெள்ளை படியிற பூஞ்சைத் தொற்று கொஞ்சம் அதிகமா வருது. அமெரிக்காவுல 2015-ல அனுமதி கிடைச்ச மருந்து அது. போட்ட சில வாரத்துலயே தோல் சன்னமாகி, உட்கரு கரைஞ்சு, கெரட்டின் 16 காணாமப் போகுது. ஒரே ஒரு செய்திக்காரனை நிறுத்தினதும் தோல் தானா ஒழுங்குக்கு வந்துருது. தோல் செல்லு குற்றவாளி இல்லைன்னு நான் தம்பிக்கு எழுதினதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

டிஎன்எஃப்பை அடைக்கிற ஊசிக்கு வேற எச்சரிக்கை. நுரையீரல்ல தூங்குற காசநோய்க் கிருமியைச் சுத்திச் சுவர் கட்டி வச்சிருக்கிறது டிஎன்எஃப்தான். சுவரை எடுத்தா கிருமி எழுந்திரிக்கும். நம்ம நாட்டுல அதைச் சோதிக்காம ஊசியே போடக்கூடாது. 2013-ல நம்ம நாட்டுல அனுமதி கிடைச்ச இட்டோலிசுமாப், டி செல் மேல இருக்கிற சிடி6 என்கிற புரதத்தைப் பிடிக்கிறது, அது வேற வழி. அதையும் படி.

வைட்டமின் டியையும் விட்டுடாதே. 1985-ல ஜப்பான்ல எலும்புத் தேய்வுக்காக வைட்டமின் டி வகை மருந்து குடுத்த ஒருத்தருக்குச் சொரியாசிஸ் மறைஞ்சுது, யாரும் எதிர்பார்க்கலை. அந்த வழியில வந்ததுதான் கால்சிபோட்ரியால் களிம்பு. செல்லுக்குள்ள போய் வைட்டமின் டி ஏற்பியில உக்காந்து "பிரியாதே, முத்து" என்று சொல்லும். இன்டர்லூகின்-22 சொன்னதுக்கு நேர் எதிர்.

*

ஆத்தங்குடி_கல்லுப்பட்டறை:

ஆச்சி, மூணு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை எங்க வீட்டுக்காரிக்கு வாசிச்சுக் காட்டினேன். தொட்டியில ஊற விடுறதைச் சொன்னீங்கள்ல, அந்த எடத்துல அது என் முழங்கையைத் தொட்டுப் பார்த்துச்சு. ஆறு வருசத்துல அது பயந்தது இல்லை, ஆனா எனக்கு வலிக்குமோன்னு தொடாது.

மருந்துக்கடைத் தம்பி சொன்ன மாதிரி அட்டையைப் பார்த்தேன், மெத்தோட்ரெக்சேட்தான். டாக்டர் சீட்டுல ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்கு, அதையே அட்டையில எழுதியாச்சு. ஃபோலிக் ஆசிட்டை நான் சத்து மாத்திரைதானேன்னு விட்டுட்டு இருந்தேன், திரும்ப ஆரம்பிச்சுட்டேன். சாக்குக்குள்ள பழைய தலகாணிப் பஞ்சை வச்சுத் தச்சு முழங்காலுக்குப் போட்டிருக்கேன். பட்டறையில கூட வேலை பார்க்கிற பையன் கேட்டான், அவன்கிட்டயும் சொன்னேன்: இது ஒட்டாதுடா, உள்ள காயம் இருக்குன்னு தோலு தப்பா நெனச்சுக்கிட்டு மூடிக்கிட்டு இருக்கு என்று. அவன் புரிஞ்சிக்கிட்டான்.

இன்னொண்ணு மட்டும். நீங்க கேக்கலை, நானாச் சொல்றேன். நாலஞ்சு மாசமா காலையில எந்திரிச்சா வலது கையில ரெண்டு விரல் மடங்க மாட்டேங்குது. ஒரு விரல் பூராவும் வீங்கி இருக்கு. ஒரு மணி நேரம் கழிச்சு வேலை பார்க்கப் பார்க்கச் சரியாகும். அச்சுத் தூக்குறதால வலிக்குதுண்டு இருந்துட்டேன். அந்த ரெண்டு விரல் நகத்துலயும் ஊசியால குத்தின மாதிரி குழி குழியா இருக்கு.

*

காரைக்குடி_ஆச்சி:

தம்பி, இதைத் தள்ளிப் போடாதீங்க. வேலை செஞ்சு வர்ற வலி, வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வெடுத்தாக் குறையும். உங்களுக்குத் தலைகீழா இருக்கு. காலையில இறுக்கம், ஒரு விரல் முழுசா வீங்குறது, நகத்துல குழி, மூணும் சேர்ந்தா சொரியாசிஸ் மூட்டுக்கும் போயிருக்கலாம். தோல்ல நடக்கிற அதே டிஎன்எஃப், அதே இன்டர்லூகின்-17, தசைநாண் எலும்புல ஒட்டுற எடத்துல போய் உக்காரும். தோல் திரும்ப வளரும், தழும்பு இல்லாம ஆறும். மூட்டு அப்படி இல்லை, அரிச்ச எலும்பு அரிச்சதுதான். எனக்கு இடது கையில சுண்டு விரல் இப்பவும் நிமிராது, நான் ரெண்டு வருசம் சும்மா இருந்த பலன்.

உங்க விரல்தான் உங்க பிழைப்பு. மூட்டு நோய் டாக்டர்கிட்டப் போங்க, தோல் டாக்டர் குடுத்த சீட்டையும் துண்டுச் சோதனை முடிவையும் கையோட எடுத்துட்டுப் போங்க. காலையில எத்தனை நேரம் இறுக்கம் இருக்குன்னு இன்னியிலருந்து ஒரு தாள்ல குறிச்சு வையுங்க, அவர் முதல்ல அதைத்தான் கேப்பார். வீங்கி இருக்கும்போதே விரலை போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க, நீங்க போற நேரம் வீக்கம் வடிஞ்சிருக்கலாம்.

*

ஆத்தங்குடி_கல்லுப்பட்டறை:

சரி ஆச்சி. வியாழக்கிழமை பட்டறைக்கு லீவு சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரியும் கூட வருது. இன்னிக்குக் காலையில அம்பது நிமிசம் இறுக்கம், எழுதியாச்சு.